தோற்ற மறுநாள் வரும் கேள்விகள்: சென்னையின் எஃப்.சி.யும் பிளேஆஃப் கணக்கும்

இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்தில் சென்னையின் எஃப்.சி. தோற்றால், மறுநாள் விடிவதற்குள் கேள்விகள் வந்து விழுந்துவிடும். பாளையங்கோட்டை, மேலப்பாளையம், வள்ளியூர், உவரி, இடிந்தகரை என்று ஊர்தான் மாறுமே தவிர கேள்வி மாறாது. ஆளுக்கு ஆள் பதில் சொல்லி அலுத்துப்போனதால் மொத்தமாக எழுதி வைக்கிறோம். எடுத்துக்காட்டுகள் எல்லாம் முடிந்துபோன சீசன்களைச் சேர்ந்தவை. நடக்கிற சீசனுக்கு எண்களை நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

அண்ணாச்சி, நேற்றும் தோற்றுவிட்டோம். இத்தோடு முடிந்ததா?

பெரும்பாலும் இல்லை. 2023-24 சீசனில் சென்னையின் எஃப்.சி. 22 ஆட்டங்களில் 11 ஆட்டங்களைத் தோற்றது. சரிபாதி. அப்படியும் ஆறாவது இடம் பிடித்து, லீக் முடிந்தபின் முதல் ஆறு அணிகள் கோப்பைக்காக மோதிய பிளேஆஃப் சுற்றுக்குள் போனது.

அதற்கும் முன்னால் 2015. பத்து ஆட்டங்கள் முடிந்தபோது 10 புள்ளிகளோடு பட்டியலின் அடியில் கிடந்தோம். மீதி இருந்தவை நான்கே ஆட்டங்கள். நான்கையும் வென்று 22 புள்ளிகளுடன் மூன்றாவதாக ஏறி, கோப்பையையும் தூக்கினோம். அன்றைக்குப் பத்தாவது ஆட்டம் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப்போனவர்கள் இன்றும் நம் ஊரில் இருக்கிறார்கள். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

முடிந்ததா இல்லையா என்பதைத் தோல்விகளின் எண்ணிக்கை சொல்லாது. எத்தனை ஆட்டம் மீதி இருக்கிறது, ஆறாவது இடத்தில் உட்கார்ந்திருப்பது யார், அவர்களோடு நமக்கு இன்னும் ஆட்டம் பாக்கி உண்டா என்று பார்த்துவிட்டு வருத்தப்படுங்கள்.

சரி, ஆறாவது இடத்துக்கு எத்தனை புள்ளிகள் வேண்டும்?

புள்ளிகளை மட்டும் கேட்டால் ஏமாந்துபோவீர்கள். நம் அணியின் கதையே சாட்சி. 2022-23இல் 27 புள்ளிகள் எடுத்தோம், எட்டாவது இடம். 2023-24இல் அதே 27. ஆறாவது இடம், பிளேஆஃப். 2024-25இல் மறுபடியும் அதே 27, பதினோராவது இடம். மூன்று ஆண்டுகள் ஒரே எண்ணிக்கை, மூன்று விதமான முடிவு. 2024-25 பாதியில் "போன தடவை 27 போதுமாக இருந்ததே" என்று கணக்குப் போட்டவர்கள் எல்லோரும் கடைசியில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

காரணம் எளிது. அணிகள் கூடக்கூட ஆட்டங்களும் கூடின. 2022-23இல் ஆளுக்கு 20 ஆட்டம், அடுத்த ஆண்டு 22, அதற்கடுத்த ஆண்டு 24. ஆகவே ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்ப்பதுதான் சரி. 2022-23இல் ஆறாவதாக வந்த ஒடிசா 20 ஆட்டங்களில் 30 புள்ளிகள். 2024-25இல் ஆறாவதாக வந்த மும்பை 24 ஆட்டங்களில் 36. இரண்டுமே ஆட்டத்துக்கு ஒன்றரைப் புள்ளி, இம்மியும் பிசகவில்லை. நடுவில் நாம் நுழைந்த ஆண்டுதான் கணக்கு இளகியது: 22 ஆட்டங்களில் 27 என்பது ஒன்றேகாலுக்கும் சற்றுக் குறைவு. நமக்குப் பின்னால் வந்தவர்களும் சேர்ந்து தடுமாறியதால் கிடைத்த இடம் அது. அதிர்ஷ்டம் ஒரு முறை கதவைத் தட்டியது என்பதற்காக ஒவ்வொரு ஆண்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது.

ஒன்றரையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆட்டத்துக்கு மூன்று புள்ளி. அதாவது ஒரு வெற்றி, ஒரு தோல்வி. சொந்த மைதானத்தில் எல்லாவற்றையும் வென்று, வெளியூரில் எல்லாவற்றையும் தோற்றால்கூட 24 ஆட்டத்தில் 36 வந்துவிடும். வெளியூர்த் தோல்வி ஒன்றுக்காக இரவெல்லாம் புலம்புகிறவர்கள் இந்தக் கூட்டல் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்க்கலாம்.

தோற்பதைவிட டிரா மேல்தானே? ஒரு புள்ளியாவது கிடைக்கிறதே?

இங்கேதான் எங்களுக்கும் ஊரில் பாதிப் பேருக்கும் சண்டை.

எழுபதாவது நிமிடம், 1-1. கடையில் டீ ஆறிக்கொண்டிருக்கும். யாராவது ஒருவர் எழுந்து, "போதும், எல்லோரும் பின்னால் போய் நில்லுங்கள்" என்று டிவியைப் பார்த்துக் கட்டளை போடுவார். பக்கத்தில் இருக்கிற பெரியவரும் தலையை ஆட்டுவார். பயிற்சியாளரும் பல நேரம் அதையே செய்கிறார்: தாக்குதல் ஆட்டக்காரரை வெளியே எடுத்துவிட்டு இன்னொரு தடுப்பாட்டக்காரரை உள்ளே அனுப்புவார். ஒரு புள்ளி பத்திரமாக வீடு வந்து சேரும். எல்லோருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதியின் விலையை 2020-21இல் பார்த்தோம். கொரோனா காலம், எல்லா ஆட்டங்களும் கோவாவில், ரசிகர்கள் இல்லாமல். 20 ஆட்டங்களில் நாம் தோற்றவை ஆறுதான். வென்றவை மூன்று. மீதி பதினொன்றும் டிரா. மொத்தம் 20 புள்ளிகள், எட்டாவது இடம். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த 2023-24ஐ இதன் பக்கத்தில் வையுங்கள்: எட்டு வெற்றி, மூன்று டிரா, 11 தோல்வி, பிளேஆஃப். ஆறு தோல்வி கண்ட அணி வீட்டுக்குப் போனது. பதினொன்று தோற்ற அணி உள்ளே போனது.

இன்னும் ஒரு படி போவோம். அந்தப் பதினொரு டிராக்களில் ஐந்தை வென்று ஆறைத் தோற்றிருந்தால்கூட 11 புள்ளிகளுக்குப் பதில் 15 கிடைத்திருக்கும். அந்த ஆண்டு முதல் நான்கு அணிகளுக்குத்தான் இடம், நான்காவதாக வந்த கோவா 31 புள்ளிகள் எடுத்தது என்பதால் அதுவும் போதாதுதான். ஆனால் பாதிக்கு மேல் தோற்றும் அதிகப் புள்ளி வருகிறது என்பதைக் கவனியுங்கள். வெற்றிக்கு மூன்று, டிராவுக்கு ஒன்று என்று விதி இருக்கும்வரை, சொந்த மைதானத்தில் கீழ்வரிசை அணியோடு டிரா செய்வது பாதித் தோல்விக்கும் மேல். மூன்றில் இரண்டு பங்கு போய்விடுகிறது.

டிரா இனிக்கும் இடமும் உண்டு. பட்டியலில் நமக்கு ஓரிரு புள்ளிகள் கீழே நெருக்கிக்கொண்டு வரும் அணியோடு, அவர்கள் மைதானத்தில், சீசனின் கடைசி வாரங்களில் ஆடும்போது டிரா கிடைத்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளலாம். அவர்கள் நம்மை எட்டிப்பிடிக்க முடியாமல் போகிறது அல்லவா? மற்றபடி 70ஆவது நிமிடத்தில் "பின்னால் போ" என்று கத்துகிறவருக்கு இந்தப் பகுதியை வாசித்துக் காட்டுங்கள்.

யாரிடம் தோற்றோம் என்பதில் வித்தியாசம் உண்டா?

நிறைய. பட்டியலில் முதலாவதாக ஓடிக்கொண்டிருக்கும் அணியிடம் தோற்றால் மூன்று புள்ளிகள் போயின, அவ்வளவுதான். அவர்கள் நமக்குப் போட்டியே இல்லை. ஆறாவது இடத்துக்கு நம்மோடு மல்லுக்கு நிற்கிற அணியிடம் தோற்றால் நமக்கு மூன்று கிடைக்காமல் போவதோடு அவர்களுக்கு மூன்று கூடுகிறது.

2024 ஏப்ரலில் சென்னையில் நார்த்ஈஸ்ட் யுனைடெட்டை 2-1 என்று வென்ற ஆட்டம் நினைவிருக்கிறதா? சீசன் முடிவில் நாம் 27, அவர்கள் 26. அன்றைக்கு முடிவு தலைகீழாகியிருந்தால் நாம் 24, அவர்கள் 29. அந்த சீசனில் கோவா, மும்பை என்று பெரிய அணிகளை நினைத்து நாம் பட்ட கவலையெல்லாம் ஒரு பக்கம். இந்த ஓர் ஆட்டம் ஒரு பக்கம்.

புள்ளிகள் சமமாக வந்தால்? கோல் வித்தியாசம்தானே?

2022 வரையிலான உலகக் கோப்பைகளையும் இங்கிலாந்து லீக்கையும் பார்த்துப் பழகியவர்கள் உடனே கோல் வித்தியாசத்துக்குப் போய்விடுகிறார்கள். ஐ.எஸ்.எல். லீகில் முதலில் பார்ப்பது சமமான அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களை: அவற்றில் யாருக்கு அதிகப் புள்ளி, அதிலும் சமம் என்றால் அந்த ஆட்டங்களின் கோல் வித்தியாசம். மொத்த கோல் வித்தியாசம் அதற்கும் பிறகுதான்.

2022-23இல் கோவாவும் நாமும் 27இல் நின்றோம். சென்னையில் அவர்கள் 2-0 என்று வென்றார்கள். கோவாவில் நாம் 2-1 என்று வென்றோம். ஆளுக்கொரு வெற்றி. கோல்களைக் கூட்டினால் அவர்களுக்கு மூன்று, நமக்கு இரண்டு. அதனால் பட்டியலில் கோவா ஏழாவது, நாம் எட்டாவது. இரண்டு அணிகளும் வெளியேதான் என்பதால் அன்று யாரும் இதைப் பற்றிப் பேசவில்லை. ஆறாவது இடத்துக்கு இது நடந்திருந்தால் சென்னையில் வாங்கிய அந்த இரண்டாவது கோலை இன்றுவரை திட்டிக்கொண்டிருப்போம். 0-1 என்று தோற்றுக்கொண்டிருக்கும்போது "இனி எத்தனை வாங்கினால் என்ன" என்று சேனலை மாற்றுகிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

"கணக்குப்படி இன்னும் வாய்ப்பு இருக்கிறது" என்று டிவியில் சொல்கிறார்களே, அதை நம்பலாமா?

அது கூட்டல் கணக்குக்குச் சொல்வது, ஆட்டத்துக்கு அல்ல. நீங்களே போட்டுப் பாருங்கள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்று போதும், பின்பக்கம் வெறுமையாகத்தான் இருக்கும். நம் புள்ளிகளோடு, மீதி ஆட்டங்களை மூன்றால் பெருக்கிக் கூட்டுங்கள். அது நம் உச்சவரம்பு. ஆறாவதாக இருக்கும் அணியின் இன்றைய புள்ளிகளோடு, அவர்களின் மீதி ஆட்டங்களை ஒன்றரையால் பெருக்கிக் கூட்டுங்கள். அவர்கள் வழக்கமாக ஓடினால் வந்து சேரும் இடம் அது.

கற்பனையாக ஒரு கணக்கு: நம்மிடம் 21, அவர்களிடம் 28, ஆளுக்கு நான்கு ஆட்டம் மீதி. நம் உச்சவரம்பு 33. அவர்கள் சாதாரணமாக ஓடினாலே 34. டிவிக்காரர் "வாய்ப்பு இருக்கிறது" என்றுதான் சொல்வார். 33 என்பது 28ஐவிடப் பெரியது, பொய் இல்லை. நாம் நான்கையும் வென்று, அவர்களும் இடறினால்தான் உண்டு. நடுவில் இரண்டு மூன்று அணிகள் நின்றால் இன்னும் கடினம். அவர்கள் தங்களுக்குள் மோதும்போது யாராவது ஒருவருக்குப் புள்ளி போயே தீரும். ஆறாவது அணி தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வதற்கு முன், அவர்களை வெல்லப்போகிறவர் ஏழாவது அணியா என்று பார்த்துவிட்டு வேண்டிக்கொள்ளுங்கள்.

தோற்ற ஆட்டத்தில் எதைக் கவனிப்பது? எல்லோரும் கோல்கீப்பரைத்தான் திட்டுகிறார்கள்.

கடற்கரை ஊர்களில் ஏழு பேர் ஆட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. சின்ன மைதானம், பந்து இந்தக் கோலிலிருந்து அந்தக் கோலுக்கு நொடியில் போகும். அதனால் கோல் விழுந்த நொடியும் அங்கே நின்ற ஆளும்தான் மனதில் பதியும். பதினொரு பேர் ஆட்டத்தில் கோலின் விதை பெரும்பாலும் அதற்கு இருபது முப்பது நொடி முன்பே விழுந்திருக்கும். பந்து யார் காலிலிருந்து, மைதானத்தின் எந்தப் பக்கத்தில் பறிபோனது? அப்போது நம் பக்கவாட்டுத் தடுப்பாட்டக்காரர் எங்கே நின்றார்? சுருக்கக் காட்சிகளில் இது வராது. முழு ஆட்டத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும்.

பிறகு நிமிடம். இந்த அணியின் வரலாற்றில் பெரிய விஷயங்கள் கடைசியில்தான் நடந்திருக்கின்றன. 2014 அரையிறுதியில் கொச்சியில் 0-3 என்று தோற்று, சென்னையில் 3-0 என்று மீட்டு, கூடுதல் நேரத்தின் 117ஆவது நிமிடத்தில் கேரளா பிளாஸ்டர்ஸிடம் ஒரு கோல் வாங்கி வெளியேறினோம். 2015 இறுதி ஆட்டத்தில் 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. 90ஆவது நிமிடத்தில் அவர்கள் கோல்கீப்பர் கை பட்டே சுயகோல், கூடுதல் நிமிடங்களில் நம் மென்டோசா அடித்தது 3-2. தொடர்ந்து தோற்கும்போது கடைசிக் கால் மணி நேரத்தில் எத்தனை கோல் வாங்குகிறோம் என்று தனியாகக் குறித்து வையுங்கள். அது கூடிக்கொண்டே போனால் உடல் தகுதியிலோ மாற்று ஆட்டக்காரர்களிலோ கோளாறு. வாய்ப்புகளை உருவாக்கியும் கோல் விழாமல் தோற்றால் அவ்வளவு பயம் வேண்டாம், அது சரியாகிவிடக் கூடியது. வாய்ப்பே உருவாகாமல் தோற்பதுதான் நோய்.

கார்னரையும் மறக்காதீர்கள். 2018 மார்ச்சில் பெங்களூரு மைதானத்தில் நடந்த இறுதியில் நம் தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ் கார்னரில் இரண்டு முறை தலையால் முட்டினார். கோப்பை அதில்தான் வந்தது.

பயிற்சியாளரை மாற்றினால் சரியாகிவிடுமா?

சீக்கிரம் மாற்றினால் சில நேரம். 2019-20இல் முதல் ஆறு ஆட்டங்களில் ஐந்து புள்ளிகள்தான். ஜான் கிரெகரி விலக, டிசம்பரில் ஓவன் காயில் வந்தார். மீதி 12 ஆட்டங்களில் 24 புள்ளிகள், ஆட்டத்துக்கு இரண்டு. நம் தாக்குதல் ஆட்டக்காரர் வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் அடித்தார். நான்காவதாக நுழைந்து, கோவாவை அரையிறுதியில் மொத்தம் 6-5 என்று தாண்டி, ஆளில்லாத ஃபடோர்டா மைதானத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே.விடம் 1-3 என்று இறுதியைத் தோற்றோம்.

அதே கிரெகரிதான் 2017-18இல் கோப்பை வாங்கித் தந்தவர். அந்த நன்றிக்காகவோ என்னவோ அடுத்த சீசன் முழுக்க அவரையே வைத்திருந்தார்கள். 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள், கடைசி இடம். 2015இல் அடியில் கிடந்தபோது அப்போதைய பயிற்சியாளர் மட்டராசியை மாற்றவில்லை, கோப்பை வந்தது. ஆறு ஆட்டம் மீதி இருக்கும்போது "ஆளை மாற்று" என்று கூச்சல் போடுவதில் பலன் இல்லை என்பது எங்கள் எண்ணம். புது ஆள் வந்து அணியின் பெயர்களை மனப்பாடம் செய்வதற்குள் சீசன் முடிந்துவிடும்.

ஆறாவதாக வந்து என்ன பயன்?

2022-23 முதல் 2024-25 வரை இருந்த முறையில் முதல் இரண்டு அணிகளுக்கு நேரடி அரையிறுதி. மூன்றாவதும் ஆறாவதும், நான்காவதும் ஐந்தாவதும் ஒரே ஓர் ஆட்டத்தில் மோதின. அதுவும் மேலே இருப்பவர் மைதானத்தில். 2024 ஏப்ரலில் நாம் கோவாவுக்குப் போய் 1-2 என்று தோற்று வந்தோம். ஆறு அணி முறை வந்தபின் நடந்த மூன்று சீசன்களில் கோப்பை வென்றவர்கள் லீகில் மூன்றாவது, இரண்டாவது, முதலாவது இடங்களில் முடித்தவர்கள். ஆறாவது இடத்திலிருந்து ஒருவரும் எட்டவில்லை.

ஆனாலும் வேண்டும். ஏப்ரலில் பார்ப்பதற்கு ஓர் ஆட்டம் கிடைக்கிறதே.

தோனிக்காகத்தான் இந்த அணியைப் பார்க்க வந்தேன். புள்ளிக் கணக்கெல்லாம் தெரிந்தே ஆக வேண்டுமா?

வேண்டாம். அவர் பங்குதாரர் என்பதால் வந்தவர்கள் நம் பக்கம் ஏராளம். வந்த வழி எதுவானாலும் பரவாயில்லை.

செங்கோட்டைப் பக்கத்து நண்பர்கள் கேரளா பிளாஸ்டர்ஸின் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கேலி செய்கிறார்கள். என்ன சொல்வது?

கேரளா பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2021-22 என்று மூன்று முறை இறுதிக்குப் போய் மூன்றிலும் தோற்றது. 2024-25 வரை கோப்பை இல்லை. நம்மிடம் இரண்டு. இதை மெதுவான குரலில் ஒரு தடவை சொன்னால் போதும். ஆனால் அவர்கள் 117ஆவது நிமிடத்தை எடுத்தால் பேச்சை மாற்றிவிடுங்கள்.

இந்த விதிகள் எப்போதும் இப்படியே இருக்குமா?

இருக்காது. 2021-22 வரை முதல் நான்கு அணிகள். 2022-23 முதல் 2024-25 வரை ஆறு. 2025-26 சீசனோ வழக்கமான செப்டம்பரில் தொடங்கவே இல்லை. பட்டியலைத் திறப்பதற்கு முன் அந்த சீசனின் விதியைப் பார்த்துவிடுங்கள். ஆட்டங்கள் குறைந்தால் ஒவ்வொரு தோல்வியும் கனக்கும்; ஒன்றரைப் புள்ளிக் கணக்கில் பிழை திருத்திக்கொள்ள இடமிருக்காது.

வாய்ப்பு தொங்கலில் இருக்கும்போது கடைசி ஆட்டங்களுக்கு நேரில் போகலாமா?

போகலாம், ஆனால் ரயிலைப் பார்த்து. நமக்குச் சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். கொச்சி அதில் ஏறத்தாழப் பாதிதான். சொந்த மைதானத்தைவிட எதிரி மைதானம் பக்கத்தில் இருக்கும் விசித்திர ரசிகர்கள் நாம். கொச்சி ஆட்டத்துக்குப் பாலருவி எக்ஸ்பிரஸ் நெல்லையில் இரவில் புறப்பட்டு, தென்காசி, புனலூர், கொல்லம் வழியாக எர்ணாகுளம் கொண்டுபோய் விடும். நீலச் சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு போய், அரங்குக்குள் நம் ஆட்கள் இருக்கும் பகுதியில் போட்டுக்கொள்வது உத்தமம்.

சென்னையில் நேரு விளையாட்டரங்கம் சென்ட்ரலுக்கும் எழும்பூருக்கும் பக்கம். இரவு ஏழரை மணி ஆட்டம் முடிய ஒன்பதரை ஆகும். நெல்லை எக்ஸ்பிரஸ் அதற்குள் போய்விடும். மிஞ்சுவது கிளாம்பாக்கம் போய்ப் பிடிக்கிற பஸ்தான். அல்லது தங்கிவிட்டு மறுநாள் பிற்பகல் வந்தே பாரத்தில் திரும்பலாம். மாலை ஐந்து மணி ஆட்டம் கிடைத்தால் மட்டும் விடாதீர்கள்: ஏழு மணிக்குள் முடியும், எழும்பூர் வந்து இட்லிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிடலாம். ரயில் நேரத்தை மட்டும் கிளம்பும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கும்; ஆட்ட அட்டவணை வந்த அன்றே டிக்கெட் போட்டுவிடுங்கள். பொங்கலை ஒட்டிய ஆட்டமென்றால் ரயிலை மறந்துவிட்டு டிவியைத் துடைத்து வையுங்கள்.